திசு வளர்ப்பு நாற்று: வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஓசூர் வட்டாரப் பசுமைக்குடில்களில் பூக்கும் ஜெர்பராவை நம் பூக்கடைக்காரர்கள் அனைவரும் அறிவார்கள். அதன் நாற்று பெரும்பாலும் சோதனைக்கூடத்துக் குடுவையில் பிறக்கிறது. நாற்று வாங்கி விற்கும் உறுப்பினர்கள் அந்த முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜெர்பராவை விதையிலிருந்து வளர்த்தால் நிறமும் பூவின் அளவும் செடிக்குச் செடி மாறும். தூரைப் பிரித்து நட்டால் தாய்ச்செடியின் குணம் வரும். ஆனால் ஒரு தூரில் கிடைப்பவை சில செடிகளே. தாயின் நோயும் கூடவே வரும். ஆயிரக்கணக்கில் ஒரே நிறம் வேண்டுமென்றால் திசு வளர்ப்புதான் வழி.

நல்ல தாய்ச்செடியின் தளிர் நுனியை அல்லது இளம் மொட்டின் சிறு பகுதியை எடுத்து, கிருமி நீக்கி, குடுவையில் வைக்கிறார்கள். அதில் மண் கிடையாது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர், சர்க்கரை, தாது உப்புகள், வளர்ச்சி ஊக்கிகள் கலந்த கூழே உணவு. 1962-ல் முராஷிகி, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்ட உப்புக் கலவையே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. சைட்டோகைனின் என்ற ஊக்கி தளிர்களைப் பெருக்கும். அவற்றைப் பிரித்துப் பிரித்து வேறு குடுவைகளில் நடுவார்கள். பிறகு ஆக்சின் என்ற ஊக்கியால் வேர் விடச் செய்வார்கள்.

இனிமேல்தான் ஆபத்து. குடுவைக்குள் எப்போதும் ஈரம். அதனால் இலையில் மெழுகுப் பூச்சு குறைவு. இலைத்துளைகளும் சரியாக மூடுவதில்லை. உடனே வெளியில் வைத்தால் நாற்று வாடிவிடும். ஆகவே தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் நட்டு, மூடாக்கில் வைத்து, சில வாரங்களில் ஈரத்தைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். இதற்குக் கடினப்படுத்துதல் என்று பெயர்.

நாங்கள் ஒருமுறை விலை குறைவு என்று குடுவை நாற்றையே 2,000 வாங்கி ஒரு பண்ணையாளருக்குக் கொடுத்தோம். பத்து நாளில் பாதிக்கு மேல் பட்டுப்போயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் கடன் வாங்கிக் குடில் போட்டிருந்த அவருக்கு ஒரு பருவம் போனது போனதுதான். விற்ற கூடத்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்காமல் வாங்கியது எங்கள் தவறு.

ஆகவே ஆர்டர் கொடுக்குமுன் கேளுங்கள்:

1. நாற்று கடினப்படுத்தியதா? எத்தனை வாரம்?

2. எத்தனை முறை பிரித்துப் பெருக்கியது? அளவு மீறினால் நிறமும் உருவமும் மாறிய செடிகள் வரக்கூடும்.

3. தாய்ச்செடிக்கு வைரஸ் சோதனை செய்தார்களா? மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ல் ஏற்படுத்திய தேசியச் சான்றளிப்பு முறையில் அங்கீகாரம் பெற்ற கூடமா?

4. இறந்த நாற்றுக்கு மாற்று நாற்று உண்டா? பில்லில் எழுதித் தருவார்களா?

நாற்று தயாராகப் பல மாதங்கள் ஆகும். நடவுக் காலம் நெருங்கிய பிறகு அவசரப்பட்டுத் தேடினால் கிடைத்ததைத்தான் வாங்க நேரிடும். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.