ரத்தம் கேட்கும் முன்

அன்பு மகளுக்கு,

புதுக்கோட்டை மாவட்டத்தில் பரம்பரை மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்குப் பெண்களைச் சேர்க்கப் போவதாக எழுதியிருந்தாய். அவசியம் செய்ய வேண்டிய வேலை. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் அது. அந்த மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2009இல், யூதக் குடும்பங்களில் அதிகம் அறியப்பட்ட மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் ஒரு பிஆர்சிஏ1 மரபணுப் பிழை தென்னிந்தியப் பெண்களிடமும் அடிக்கடி இருப்பதைக் காட்டினார்கள். மெக்சிகோ வழிவந்த பெண்களிடம் அதே மரபணுவில் ஒரு துண்டே விடுபட்டிருப்பதை வழக்கமான சோதனைகள் தவறவிட்டன. அவர்களையே ஆராய்ந்தபோதுதான் அது பிடிபட்டது. ஆகவே நம் பெண்களும் ஆய்வுக்குள் வர வேண்டும். ஆனால் வரத் தயங்குகிறவர்களைப் பற்றி 'விழிப்புணர்வு இல்லை' என்று மட்டும் அறிக்கையில் எழுதிவிடாதே.

அந்த மாவட்டத்துக் கறம்பக்குடியில் ஒரு தாய் ரத்தம் கொடுத்தால் விஷயம் அவளோடு நிற்பதில்லை. அவளிடம் பிழை இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில், நீ வரையும் வம்சாவளிப் படத்தில் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே கிளையில் வந்து சேரும். ஒருத்தியின் முடிவு வெளியே கசிந்தால் நாலு வீட்டுக் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். இதை யோசித்துத் தயங்குகிறவள் உன் ஒப்புதல் படிவத்தில் இல்லாத ஆபத்தையும் கணக்குப் போட்டவள். அதனால் மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடும்ப நோய் வரலாறு கேட்காதே. தகப்பன் வழியாகவும் பிழை வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் பழியெல்லாம் தாய்வீட்டின் மேல் விழும்.

இப்படி வீடு வீடாக உட்கார்ந்து பேசினால் எண்ணிக்கை தேறாது என்பார்கள். ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வில் தகுதியுள்ள 49,311 பெண்களில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். புதுக்கோட்டையிலேயே 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் கல்குவாரிப் பெண்களையும் எழுத்துக்கும் சைக்கிளுக்கும் கொண்டுவந்தது. அந்த இயக்கத்துக்கு அவர்களை அழைத்தவர்கள் அந்தந்த ஊர்த் தொண்டர்கள். அவசரத்தின் விலை என்ன என்பதற்குத் தெலங்கானாவின் கம்மம் மாவட்டம் சாட்சி. 2009இல் அங்கே கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்துக்காக மாணவிகள் பலரின் ஒப்புதல் படிவத்தில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த ஆண்டே திட்டம் நிறுத்தப்பட்டது. ஆய்வுக்கு வருகிறவளுக்குக் காசு கொடுப்பது ஆசை காட்டுவதாகாதா என்றும் கேட்பார்கள். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் காலையும் மதியமும் படம் எடுத்து வருகை பதிகிறார்கள். நடுவில் உன் முகாமுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. அதை ஈடுகட்டுவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளே ஏற்கின்றன.

வசதியில்லாதவளிடம் முடிவைச் சொல்லி என்ன பயன் என்ற கேள்வியில்தான் எனக்கும் மனம் கனக்கிறது. பிழை இருப்பவளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை எங்கே, செலவு யாருடையது, மகளுக்குச் சோதனை இலவசமா என்பதைப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியுடன் பேசி எழுத்தில் வாங்கு. அந்தத் தாள் கைக்கு வரும்வரை ஒருத்தியிடமும் ரத்தம் எடுக்காதே.

அன்புடன்,
பெரியம்மா