மீன் தொட்டியில் தொடர் மரணம்: ஒரு ரயில்வேக்காரரின் விசாரணை

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது லேக் மார்க்கெட் அன்பர் ஒருவர் என்னிடம் வந்து, "சார், மூன்றாவது தடவையாக எல்லா மீனும் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு மீன் ராசி இல்லை போலிருக்கிறது" என்று வருத்தப்பட்டார். பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பேர், "எங்கள் வீட்டிலும் இதே கதைதான்" என்றார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை நான் இருபத்தொரு மீன்களைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டவன். அந்தப் பாடத்தை நம் இதழில் எழுதிவிடுங்கள் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

2022 நவம்பரில் என் பேத்தியின் எட்டாவது பிறந்தநாளுக்காக இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். கணக்குப்படி 56 லிட்டர். கூழாங்கல் போக, மேலே கொஞ்சம் இடம் விட்டது போக, தண்ணீர் 45 லிட்டருக்கு மேல் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை காலை காலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போனோம். அந்தச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெறும் கையோடு திரும்ப முடியாது. நான்கு தங்கமீன், நான்கு மோலி, இரண்டு ஏஞ்சல், இரண்டு கௌராமி என்று பன்னிரண்டு மீன்களை பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்து அன்றே விட்டோம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

ஆறாம் நாள் ஒரு ஏஞ்சல் செத்தது. பன்னிரண்டாம் நாளுக்குள் ஒன்பது போய்விட்டன. மிஞ்சிய மூன்றைத் தெரிந்த ஒருவர் வீட்டுத் தொட்டிக்குக் கொடுத்தேன். அங்கே அவை பிழைத்துக்கொண்டன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். மீன் விற்றவர், "தண்ணீர் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள்" என்றார். நான் கல்லை வெந்நீரில் கொதிக்க வைத்து, கண்ணாடியைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சை அலசி, புதுத் தண்ணீர் நிரப்பி, அடுத்த வாரமே பத்து மீன் வாங்கி விட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து மறுபடியும் ஒவ்வொன்றாக ஏழு செத்தன.

என் மனைவி, "ஏங்க, இந்தப் பாவம் நமக்கு வேண்டாம், தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்றாள். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்காருகிறவள், இப்போது அந்த அறைப் பக்கமே போகாமல் இருந்தாள். ஒருநாள் இரவு படுக்கும்போது, "தாத்தா, நாமதான் ஏதோ பண்ணி அதுங்களைக் கொல்றோமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மீதி மூன்றையும் பழையபடி அந்த நண்பர் வீட்டில் சேர்த்துவிட்டு, காலித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தேன்.

ரயில்வேயில் ஒரு வேகனில் ஹாட் ஆக்ஸில் வந்தால் அந்த வேகனைக் கழற்றிவிட்டால் வண்டி போய்விடும். ஆனால் ஏன் சூடேறியது என்று பார்க்காமல் விட்டால் நாளைக்கு அடுத்த வேகன் சூடேறும். டீசல் ஷெட்டில் முப்பத்தைந்து வருடம் இதைச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வீட்டிலோ செத்த மீனை எடுத்துப் போட்டுவிட்டுப் புது மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் செய்வது போல ஒரு நோட்டுப் புத்தகத்தை லாக் புக் ஆக்கினேன். தேதி, நேரம், தண்ணீரின் சூடு, எவ்வளவு தீனி, என்ன பராமரிப்பு, என்ன மரணம். நினைவிலிருந்து பழைய இரண்டு சுற்றுகளையும் எழுதிப் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு தடவையும் முதல் நான்கைந்து நாள் ஒரு மரணமும் இல்லை. மீன் நோயோடு வந்திருந்தால் இரண்டு தடவையும் இவ்வளவு ஒழுங்காக ஐந்தாம் நாள், ஆறாம் நாள் என்று சாகாது. தவிர, இதே மீன்கள் வேறு தொட்டியில் பிழைத்திருக்கின்றன. அப்படியானால் கோளாறு மீனில் இல்லை. தொட்டியில் ஏதோ ஒன்று நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு வந்திருக்கிறது.

அந்த ஏதோ ஒன்றுதான் அம்மோனியா. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விடுகிறது. கழிவும் தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகி இன்னும் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. ஆற்றிலும் குளத்திலும் தண்ணீர் ஏராளம். 45 லிட்டரில் அது போக இடமில்லை. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும். பழைய தொட்டிகளில் மீன் சாகாததற்குக் காரணம், ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறியிருக்கும் ஒருவகை பாக்டீரியா. அவற்றில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம். மூன்றாவது அவ்வளவு கெடுதல் இல்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுகிறவை. புதுத் தொட்டியில் போதுமான அளவு சேர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நானோ முதல் நாளே பன்னிரண்டு மீனை விட்டேன். இரண்டாம் சுற்றில் இன்னும் மோசம். கொஞ்ச நஞ்சம் குடியேறியிருந்த பாக்டீரியாவையும் கொதிக்க வைத்துக் கொன்றுவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

நைட்ரைட் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டீசல் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் துருப்பிடிக்காமல் இருக்க நாங்கள் கலக்கும் மருந்தில் அந்த நைட்ரைட்தான் இருக்கும். எத்தனை நூறு தடவை அளவு பார்த்திருப்பேன்! எஞ்சினுக்கு நல்லது செய்கிற அதே பொருள் மீனின் ரத்தத்தில் புகுந்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து பழுப்பு நிறமாகிறது. தொட்டியில் காற்றுக்குமிழி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், மீனோ மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இந்த நிலையில் உடனடி உதவி நம் சமையலறை உப்புதான். பத்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் எளிதில் நுழைய விடாது. அதோடு கால் பங்கு தண்ணீரையும் மாற்ற வேண்டும்.

மூன்றாம் சுற்றை மீன் இல்லாமல் ஆரம்பித்தேன். தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டேன். அது அழுகி அம்மோனியா உண்டாகட்டும் என்று. மனைவி, "மீனே இல்லாத தொட்டிக்குச் சாப்பாடா?" என்று அக்கம்பக்கத்தாரிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தாள். மீன் கடைகளில் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் பரிசோதனைப் பெட்டி கிடைக்கிறது. மீனுக்குச் செலவழிப்பதற்கு முன் அதற்குச் செலவழியுங்கள் என்பேன். முதலில் அம்மோனியா ஏறி இறங்கியது, பிறகு நைட்ரைட் ஏறி அதுவும் இறங்கியது. இரண்டும் பூஜ்யத்துக்கு வர 38 நாள் ஆயிற்று. அதன் பிறகு நான்கு மோலிகள் மட்டும். மூன்று வாரம் கழித்து இரண்டு கௌராமி, இன்னும் மூன்று வாரம் கழித்து நான்கு பிளாட்டி. தங்கமீனை விட்டுவிட்டேன், அது பெரிதாக வளர்கிற, அதிகக் கழிவு விடுகிற மீன். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை.

ஒரு மரணம் இல்லை. பேத்தி பழையபடி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

2023 ஏப்ரலில் ஒரு பிளாட்டி. மே மாதம் இரண்டு மோலி. பரிசோதித்தால் பூஜ்யமாக இருந்த அம்மோனியா மறுபடி நிறம் காட்டியது. லாக் புக்கை எடுத்து "பராமரிப்பு" கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். இரண்டு தடவையும் மரணத்துக்கு இரண்டு நாள் முன்னால் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: "ஃபில்டர் பஞ்சு குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கசக்கிக் கழுவப்பட்டது." சுத்தம் செய்வதில் ஷெட்டில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அந்தச் சுத்தம்தான் இங்கே கொன்றிருக்கிறது. கல்கத்தாவில் நமக்கு வருவது ஹூக்ளி ஆற்று நீரைச் சுத்திகரித்துக் குளோரின் கலந்து அனுப்பும் தண்ணீர். குளோரின் இருப்பதே பாக்டீரியாவைக் கொல்வதற்குத்தான்; நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று அதற்குத் தெரியாது. பேத்தியிடம், "நீ அன்றைக்குக் கேட்டாயே, நாமதான் கொல்றோமா என்று. நாம் இல்லை, நான்தான்" என்று ஒப்புக்கொண்டேன். அவள் பெரிய மனுஷி மாதிரி, "பரவாயில்லை தாத்தா, தெரியாமத்தானே" என்றாள்.

அதிலிருந்து பஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோவதே இல்லை. தொட்டித் தண்ணீரையே ஒரு மக் எடுத்து அதில் இரண்டு முறை லேசாகப் பிழிவதோடு சரி. அழுக்காகத்தான் இருக்கும், இருக்கட்டும். மாற்றும் புதுத் தண்ணீருக்கு ஹைப்போ போடுகிறேன். பழைய போட்டோக்காரர்கள் டார்க் ரூமில் உபயோகிப்பார்களே, அதே உப்பு. ஒரு வாளிக்கு அரிசி அளவில் இரண்டு மூன்று பருக்கை கரைத்தால் குளோரின் அடங்கிவிடும். ஹைப்போ இல்லையென்றால் வாளியில் ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் போதும். ஆனால் உங்கள் கட்டடத்தின் மேல்தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிற வாரத்தில் தண்ணீரை மாற்றவே மாற்றாதீர்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் ஒரு பாட்டிலில் பிடித்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் இரும்பு அதிகம். தெளிய வைத்து மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

இன்னொரு சங்கதி. அம்மோனியாவின் விஷம் தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. பி.ஹெச். 7-ல் மொத்த அம்மோனியாவில் சுமார் 200-ல் ஒரு பங்குதான் கொல்லும் வடிவத்தில் இருக்கும்; 8-ல் அது சுமார் 20-ல் ஒரு பங்கு, அதாவது பத்து மடங்கு. ஆகவே பக்கத்து வீட்டில் இதே அளவு அம்மோனியாவில் மீன் உயிரோடு இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

கடைசி விபத்து அதே வருடம் செப்டம்பரில். டெங்கு பயம், வீட்டுக்கு வீடு கொசு விரட்டி. காலையில் எழுந்தால் இரண்டு மீன் செத்து மிதக்கின்றன, மற்றவை பைத்தியம் பிடித்தது போல் சுழல்கின்றன. பரிசோதனையில் அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. ஒவ்வொன்றாகச் சாவது ஒரு மாதிரி, ஒரே இரவில் எல்லாம் துடிப்பது வேறு மாதிரி. பின்னதற்கு விஷம் அல்லது மூச்சுத் திணறல் என்று பார்க்க வேண்டும். மூச்சுத் திணறலில் பெரிய மீன்தான் முதலில் போகும், மேலே வந்து காற்றைக் குடிக்கும் கௌராமி தாங்கும். இங்கே செத்தவற்றில் ஒன்று கௌராமி. பம்ப் செருகியிருந்த பிளக் போர்டைப் பார்த்தேன். அதே போர்டில், பம்ப்புக்கு ஒரு சாண் தள்ளி, திரவக் கொசு விரட்டியை யாரோ செருகியிருக்கிறார்கள். ஜன்னல்களும் சாத்தியிருந்தன. அந்த மருந்துகள் நமக்கு அவ்வளவு கெடுதி செய்யாது, மீனுக்கோ மிகக் கொஞ்சமே எமன். காற்று பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதுகிறது. உடனே பாதித் தண்ணீரை மாற்றினேன், ஐந்து பிழைத்தன. இப்போது தொட்டி இருக்கும் அறையில் கொசு விரட்டியும் கிடையாது, ஸ்ப்ரேயும் கிடையாது. கொசுவலைதான்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே வெப்பம் 12, 13 டிகிரி வரை இறங்குகிறது. மோலியும் ஏஞ்சலும் 24-க்குக் கீழே சுகப்படாது. லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் ஹீட்டர் போட்டால் போதும். திடீர்க் குளிரில்தான் உடம்பெல்லாம் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப்புள்ளி நோய் வரும். புது மீனை இரண்டு வாரம் தனியே ஒரு பக்கெட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தீனி விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு கஷ்டம் உண்டு. வருகிறவர்கள் எல்லாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்கும் ஜாதி நாம். தாத்தா ஒரு சிட்டிகை, பாட்டி ஒரு சிட்டிகை, வேலைக்கு வரும் அம்மாள் ஒரு சிட்டிகை. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒரு வேளை, ஒரே ஒரு ஆள் போட வேண்டும். எங்கள் வீட்டில் தீனி டப்பா பேத்தியின் பொறுப்பில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

இன்றைக்குத் தொட்டியில் ஏழு மீன்கள். இரண்டு, இங்கேயே பிறந்த மோலிக் குட்டிகள். லாக் புக்கையும் இப்போது பேத்திதான் எழுதுகிறாள். பள்ளியில் அவளுக்குத் தமிழ் இல்லை. பெங்காலியும் ஹிந்தியும் ஆங்கிலமும்தான். லாக் புக் மட்டும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். "மீண் ஏழு. எல்லாம் நல்லா இருக்கு" என்று நேற்று எழுதியிருந்தாள். மூன்று சுழி ணகரத்தை இன்னும் திருத்தவில்லை.