ஒளியும் ஒலியும் ஒரு பட்டப்படிப்பு

தொலைக்காட்சித் துறையில் வேலை பார்க்க விரும்புவதாக ஒரு பெண் கூறினால், "நடிக்கப் போகிறாயா, செய்தி வாசிக்கப் போகிறாயா?" என்று கேட்பவர்களே மிகுதி. திரையில் தெரியும் முகம் ஒன்று. அம்முகம் தெரிவதற்காகப் பின்னால் நின்று உழைப்போர் பலர். அவர்கள் செய்யும் தொழிலே ஊடகத் தயாரிப்பு எனப்படுகிறது. இன்று இது பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. தேர்வு முடிந்ததும் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்வது என்று முடிவு செய்ய வேண்டிய நாம், இப்படிப்பைப் பற்றியும் சிறிது அறிந்திருத்தல் நலம்.

ஒரு நிகழ்ச்சியைத் தயாரிப்பதில் மூன்று கட்டங்கள் உண்டு. படப்பிடிப்புக்கு முன்னரே பொருளைத் தேர்ந்து, செய்திகளைத் திரட்டி, எழுத்துப்படியை ஆயத்தம் செய்ய வேண்டும். யார் எந்த நாளில் எங்கே வர வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதையும் கணக்கிட வேண்டும். அடுத்தது படப்பிடிப்பு. அங்கே 'கிளாப்' பலகை அடிப்பதைச் சிலர் வெறும் சடங்கு என்று நினைப்பர். உண்மையில் படம் காமிராவிலும் ஒலி தனிக்கருவியிலும் வெவ்வேறாகப் பதிவாகின்றன. பலகையின் கட்டைகள் சேர்வது படத்தில் தெரியும். 'டக்' என்னும் ஓசை ஒலிப்பதிவில் கேட்கும். இவ்விரண்டையும் பொருத்திவிட்டால் பேசுகிறவரின் வாயசைவும் குரலும் பொருந்திவிடும்.

ஒரே காட்சியை இன்று பாதியும் நாளை மீதியுமாக எடுப்பதுண்டு. இன்று கையிலிருந்த குடையும், பாதி குடித்து வைத்த தேநீரும் நாளையும் அவ்வாறே இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் குறித்து வைத்துக் காப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். இதனைக் 'கன்டினியூட்டி' பார்த்தல் என்பர். பாடக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் எழுதும் மாணவிகளுக்கு மிகவும் ஏற்ற வேலை என்று நமக்குத் தோன்றுகிறது! மூன்றாவது கட்டத்தில் படத்தொகுப்பு, ஒலிச்சேர்ப்பு, நிறத்தைச் சீர்செய்தல் ஆகியன நடைபெறுகின்றன.

இது கலைப்படிப்பு மட்டுமே என்று எண்ணுவோர் இதன் பாடங்களைக் கண்டால் வியப்படைவர். நாம் படம் வரைந்து பாகம் குறிக்கும் குவிலென்சுதான் காமிராவிலும் வேலை செய்கிறது. குவியத் தொலைவு குறைந்தால் பரந்த காட்சி கிடைக்கும். கூடினால் தொலைவிலுள்ளது அருகில் தெரியும். ஒலியியல் பாடத்தில் மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று படிக்கிறோம். ஒலியை எண்களாக மாற்றிப் பதிவு செய்ய, மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட தடவைகள் ஒரு நொடியில் அதனை அளக்க வேண்டும். காணொளிகளுக்குப் பொதுவாக நொடிக்கு 48,000 தடவை அளக்கின்றனர். இருபதாயிரத்தை இரண்டால் பெருக்கிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

(இத்துறைக்கு ஒரு பாதுகாவலியும் உண்டு. நோயுற்றுக் கிறிஸ்துமஸ் திருப்பலிக்குச் செல்ல இயலாத அசிசி நகர்ப் புனித கிளாரா, அதனைத் தம் அறைச் சுவரிலேயே கண்டார் என்பது மரபு. ஆகவே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950களின் பிற்பகுதியில் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.)

முற்காலத்தில் இத்தொழிலைப் பட்டறையில் கற்பது போல ஒருவரிடம் உதவியாளராக இருந்தே கற்றனர். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று போற்றப்படும் பி. ஆர். விஜயலட்சுமி, ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவர். அவருடைய தந்தையார் புகழ்பெற்ற இயக்குநர் பி. ஆர். பந்துலு. அத்தகைய குடும்பத்தில் பிறவாத பெண் யாரைப் போய்க் கேட்பாள்? அவளுக்குக் கல்லூரியே வாசல். புனேயில் பழைய பிரபாத் ஸ்டூடியோவின் வளாகத்தில் 1960இல் தொடங்கப்பட்ட திரைப்படக் கல்லூரி அவ்வாறான ஒன்று. 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர்' என்னும் படத்தின் ஒளிப்பதிவாளர் பௌசியா பாத்திமாவும், படத்தொகுப்பாளர் பீனா பாலும் அங்குப் பயின்றவர்களே. அப்படத்தின் தொகுப்புக்காகப் பீனா பாலுக்குத் தேசிய விருது கிடைத்தது.

வேலை திரைப்படத்தில் மட்டுமே கிடைக்கும் என்பதும் சரியன்று. அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் கல்விப் படங்கள் தயாரிக்கும் நிலையங்கள் உள்ளன. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. 2019இல் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. மறு ஆண்டு கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெருந்துணையாயிற்று. அந்தப் பாடங்களையும் யாரோ எழுதி, படம் பிடித்து, தொகுத்தனர் அல்லவா? விளம்பரம், செய்திப்படம், அசைவூட்டம், மருத்துவமனைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் படமெடுத்தல் என்று வேறு வழிகளும் உண்டு.

இன்னல்களையும் சொல்லத்தான் வேண்டும். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு படம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். இரவு வேலையும் உண்டு. கேரளத் திரைப்படத் துறையில் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2024 ஆகஸ்டில் வெளியான நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை, படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறைகூட இல்லாத அவலத்தைக் கூறியது. பெற்றோர் அஞ்சுவதில் வியப்பென்ன? எனினும் பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில், பெண்களின் புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. வேலையில் சேருமுன் அக்குழு உண்டா என்று கேட்பது நம் உரிமை.

காட்சித் தொடர்பியல் என்னும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பைப் பல கலை அறிவியல் கல்லூரிகள் நடத்துகின்றன. பெண்களுக்கெனச் சென்னையில் எம். ஓ. பி. வைஷ்ணவக் கல்லூரி உண்டு. புனேயில் சேர்வதற்கு முதலில் ஏதேனும் ஒரு பட்டம் பெற்று நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னை தரமணியிலுள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்திலோ மேல்நிலைக் கல்விக்குப் பின் நான்காண்டுப் படிப்பு. அங்கு இயக்கத்துக்கும் படத்தொகுப்புக்கும் எப்பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும். ஆகவே காமிராவின் பின்னால் நிற்க விரும்பும் தோழிகள் வரும் ஜூன் மாதம் பிரிவைக் குறிக்கும்போதே இதனை நினைவில் கொள்ள வேண்டும்.