கால்களுக்குத் துடுப்பு

பத்தாம் வகுப்பு மாணவி

நம் கிராமங்களில் வாத்து முட்டைகளைக் கோழியின் அடியில் அடைவைக்கும் வழக்கம் உண்டு. குஞ்சுகள் பொரித்த இரண்டொரு நாளில் அவை குட்டையைக் கண்டதும் குதித்து நீந்தத் தொடங்கும். பாவம், வளர்த்த கோழியோ கரையில் நின்று கத்தும்! தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு பாதத்தில் இருக்கிறது. வாத்தின் விரல்களுக்கு இடையே மெல்லிய தோல் உள்ளது. காலைப் பின்னுக்குத் தள்ளும்போது அது விரிந்து நீரைத் தள்ளுகிறது. காலை முன்னுக்குக் கொண்டுவரும்போது விரல்கள் மடங்கித் தோல் சுருங்கிவிடுகிறது. ஆகவே முன்னே வரும்போது தடை குறைவு, பின்னே தள்ளும்போது விசை அதிகம். இந்த ஒரு சிறு நுணுக்கத்தை மனிதன் தன் காலில் கொண்டுவர எத்தனை காலம் பிடித்தது என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

இடியையும் மின்னலையும் ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினை நாம் அறிவோம். 1706இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோதே இரண்டு முட்டை வடிவப் பலகைகளைச் செய்து கொண்டாராம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம். ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் தட்டைப் போல் கட்டைவிரல் நுழைய ஒரு துளையும் உண்டு. அவற்றைக் கையில் பிடித்து நீந்தியபோது வேகம் கூடியது, ஆனால் மணிக்கட்டு வலித்தது. உள்ளங்காலிலும் செருப்பைப் போல் பலகைகளைக் கட்டிப் பார்த்தார். அது அவருக்குத் திருப்தி தரவில்லை. ஏன் என்றும் அவரே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நீந்தும்போது நீரைத் தள்ளுவது உள்ளங்கால் மட்டுமன்று, பாதத்தின் உட்புறமும் கணுக்காலும் சேர்ந்தே தள்ளுகின்றன என்று கண்டார். கணுக்காலின் பங்கைக் கவனித்த அந்தக் கண் சாதாரணமானதன்று. பின்னால் வந்த துடுப்புகளின் கதையெல்லாம் கணுக்காலைச் சுற்றித்தான் நடக்கிறது. 1968இல் அவர் பெயரை சர்வதேச நீச்சல் புகழ்க் கூடத்தில் சேர்த்தனர்.

இன்று நாம் காணும் ரப்பர்த் துடுப்பை அமைத்தவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கொர்லியூ. 1914இல் அவர் தம் முதல் மாதிரியைக் கடற்படை அதிகாரிகளுக்குச் செய்து காட்டினார். அந்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. ஆயினும் அவர் விடவில்லை. 1924இல் கடற்படையிலிருந்து விலகி, இந்த முயற்சியிலேயே முழுதும் இறங்கினார். 1933இல் காப்புரிமை பெற்றார். அதில் தம் கருவியை நீச்சலுக்கும் உயிர்காப்புக்கும் உரிய உந்துகருவி என்றே குறித்தார். முங்குகிறவரைக் காக்கப் போகிறவர் விரைவாகப் போகவேண்டும், திரும்பி வரும்போது ஒருவரை இழுத்துக்கொண்டும் வரவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. பெருமளவில் உற்பத்தி தொடங்கியது 1939இல். செய்து காட்டியதற்கும் கடைக்கு வந்ததற்கும் இடையே 25 ஆண்டுகள்!

அவரிடம் உரிமம் பெற்று அமெரிக்காவில் துடுப்பு செய்தவர் ஓவன் சர்ச்சில். 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கப்பதக்கம் வென்றவர் இவர். தஹிதித் தீவில் துடுப்பணிந்து நீந்தியவர்களைக் கண்டு ஆர்வம் கொண்டார் என்பர். 1940இல் அவர் விற்பனை தொடங்கியபோது முதலாண்டில் ஆயிரம் ஜோடிகூட விற்கவில்லை. இரண்டாம் உலகப்போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. கடலடியில் பணிபுரிந்த நேச நாட்டு வீரர்களின் கால்களில் அந்தத் துடுப்புகள் ஏறின. உயிர்காக்க என்று பிறந்த பொருள் போரினால்தான் உலகறிந்தது என்பது நமக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது. 1943இல் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் நீருக்கடியில் சுவாசிக்கும் கருவியை உருவாக்கினர். முதுகில் காற்றும் காலில் துடுப்பும் வந்தபின் மனிதன் கடலடியில் மீனைப் போல் உலவலானான்.

இனிச் சிறிது பௌதிகம் பார்ப்போம். தோழியர் பயந்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்! நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. நாம் நீரைப் பின்னால் தள்ளினால் நீர் நம்மை முன்னால் தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. அப்படியானால் வெறுங்காலால் வேகமாக உதைத்தால் போதாதா, துடுப்பு எதற்கு?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் ஒவ்வோர் உதையிலும் 1 கிலோகிராம் நீரை வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறாள் என்போம். உந்தம் 1 × 4 = 4. செலவான ஆற்றல், நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி அதில் பாதி எடுத்தால், 8 ஜூல். இன்னொரு பெண் துடுப்பணிந்து 4 கிலோகிராம் நீரை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மெல்லத் தள்ளுகிறாள். உந்தம் 4 × 1 = 4, அதாவது அதேதான். ஆனால் ஆற்றல் வெறும் 2 ஜூல். கிடைத்த உந்தம் ஒன்று, செலவு காற்பங்கு! நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். துடுப்பின் இரகசியம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. எங்கள் பௌதிக ஆசிரியை கரும்பலகையில் எழுதும் சூத்திரங்கள் பரீட்சைக்கு மட்டும் என்று எண்ணும் தோழியர் இதைக் கவனிப்பார்களாக.

கடலடியில் இந்தச் சிக்கனம் உயிரோடு சம்பந்தப்பட்டது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. ஆகையால் முதுகில் சுமக்கும் காற்று மேலே இருப்பதைப்போல் பாதி நேரமே வரும். 30 மீட்டரில் காற்பங்கு நேரம்தான். அங்கே நீரோட்டத்தை எதிர்த்து உதைத்து மூச்சு வாங்கினால் காற்று இன்னும் விரைவாகத் தீரும். நீரின் தடையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. எனவே இருமடங்கு வேகத்தில் செல்ல ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் வேண்டும். ஆகவே முக்குளிப்போருக்கு நல்ல துடுப்பு என்பது பந்தயத்தில் வெல்லும் துடுப்பு அன்று. மூச்சைச் சேமித்துக் கொடுக்கும் துடுப்பே நல்ல துடுப்பு.

அப்படியானால் துடுப்பைப் பெரிதாக, மிகப் பெரிதாகச் செய்தால் என்ன? இங்கேதான் பிராங்க்ளின் கண்ட கணுக்கால் குறுக்கே வருகிறது. துடுப்பு நீள நீள, நீரின் விசை கணுக்காலிலிருந்து தொலைவில் செயல்படுகிறது. திருப்புத்திறன் கூடுகிறது. கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வருகிறது. நடுக்கடலில் தசைப்பிடிப்பு என்றால் விளையாட்டா?

விறைப்பாக இருப்பதும் கெடுதல். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெரிய தொட்டியில் நீர் நிரப்பி, நம் பரீட்சை அட்டையை நீருக்குள் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். நீர் சிதறும், மணிக்கட்டு வலிக்கும், தள்ளிய நீர் இருபுறமும் சுழன்று வீணாகும். அடுத்து, வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் பிடித்து அதேபோல் அசையுங்கள். தகடு வளைந்து, நீரை அதன் நுனிப்பக்கமாக ஓர் ஓட்டமாக அனுப்பும். மீன் வாலின் வேலையும் இதுவே. ஆனால் தகடு மிகவும் தளர்ந்திருந்தாலோ ஈரத்துணியைப் போல் துவண்டு ஒன்றுக்கும் உதவாது. (அட்டையை அம்மாவுக்குத் தெரியாமல் நனைக்க வேண்டாம்!)

இந்த இரண்டு பகைவர்களுக்கும், அதாவது விறைப்புக்கும் துவளலுக்கும், இடையில் சமாதானம் செய்துவைக்கப் பலர் பலவாறு முயன்றிருக்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் கிரெஸ்ஸி நிறுவனத்துக்காக லூயிஜி ஃபெராரோ ஒரு துடுப்பை வடிவமைத்தார். பாதம் முழுதும் காலணிபோல் ரப்பருக்குள் நுழையும். பட்டை பாதத்தின் கோட்டிலேயே நீளாமல் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். நீந்தும்போது நம் பாதம் காலோடு முழு நேர்க்கோட்டில் நீளாது அல்லவா? அந்தக் குறையை இந்தச் சாய்வு ஈடுசெய்கிறது. அதற்கு ரோந்தினே என்று பெயர். இத்தாலிய மொழியில் தகைவிலான் குருவி என்று பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர்!

1964இல் பிரான்சின் ஜார்ஜ் பெஷா பட்டையில் துளைகள் வைத்தார். இதுவே ஜெட் ஃபின். காலைத் திரும்பக் கொண்டுவரும்போது துளைகள் வழியே நீர் ஓடித் தடை குறையும் என்பது எண்ணம். வாத்தின் விரல் மடங்குவதற்கு இணையாக மனிதன் கண்ட வழி இது எனலாம். கனத்த கறுப்பு ரப்பரால் ஆன அந்தத் துடுப்பை இன்றும் விரும்பி அணிவோர் உண்டு. பின்னர் பிளாஸ்டிக்குகள் வந்தன. பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர், பட்டைக்கு வில்போல் நிமிரும் பிளாஸ்டிக் என்று இரண்டையும் இணைத்தனர். மூச்சடக்கி ஆழம் செல்வோர் நீண்ட கண்ணாடியிழை, கார்பன் இழைப் பட்டைகளை நாடினர். 1980களில் அமெரிக்கரான பாப் எவன்ஸ், மேல்நோக்கி வளைந்து நுனி பிளந்த குட்டைத் துடுப்பைப் பரப்பினார். பீட் மெக்கார்த்தி என்பவர் பட்டையை நடுவே நீளமாகப் பிளந்து இரண்டு சிறகுகளாக்கினார். அது 1990களின் இறுதியில் கடைகளுக்கு வந்தது.

வேகம் ஒன்றையே நாடியவர்கள் இரு கால்களையும் ஒரே துடுப்பில் நுழைத்தனர். டால்ஃபினின் வாலைப்போன்ற இந்த ஒற்றைத் துடுப்பு 1970களில் சோவியத் நாட்டில் வளர்ந்தது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 வினாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். ஒற்றைத் துடுப்பு அணிந்த தலைசிறந்த வீரர்களோ அதே தூரத்தை 35 வினாடிக்குள் கடக்கிறார்கள். துடுப்பு நீச்சலுக்கெனத் தனிப்போட்டிகள் உண்டு. ஒலிம்பிக் நீச்சலில் அதற்கு அனுமதி இல்லை. அது சரியே என்பது எங்கள் கட்சி.

மாணவிகளாகிய நமக்கு மிகவும் வேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. வலிமை மிகுந்த ஆணின் காலுக்கு ஏற்ற விறைத்த துடுப்பு, சிறிய பாதமும் மெலிந்த காலும் உடைய பெண்ணுக்கு ஏற்காது. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பெண்களுக்கு எத்தகைய துடுப்பைத் தேர்வது என்பதைப் பெண்களையே நீந்தச் செய்து ஆராய்ந்து, 2003இல் வெளியிட்டனர். துடுப்புகளை மாற்றி மாற்றி அணிவித்து, எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று அளந்தனர். கடையில் விலை உயர்ந்தது எது, விளம்பரத்தில் அழகானது எது என்று பாராமல், இந்தக் காலுக்கு எது ஏற்றது என்று அளந்து பார்ப்பதே விஞ்ஞானம். அண்ணனுடைய துடுப்பைத் தங்கை வாங்கி அணிவது அண்ணனுடைய மூக்குக்கண்ணாடியை அணிவதைப் போன்றதே.

நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் துடுப்பை அறியாதவர்கள். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து விரைவாக இறங்கினர். அடியில் சிப்பிகளைச் சேர்த்ததும் தோணியில் இருந்தவர் கயிற்றை இழுத்து மேலே தூக்கினர். இறங்கக் கல்லும் ஏறக் கயிறும் உதவியதால் காலின் உழைப்பு மிச்சமாயிற்று. மூச்சைச் சேமிக்கும் அதே கணக்கை அவர்கள் வேறு வழியில் போட்டிருக்கிறார்கள்.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் மூச்சடக்கி மீன் பிடிப்போர் வேறொரு வழி கண்டனர். ஒட்டுப்பலகையைப் பாதத்தைவிட அகலமாக அறுத்து, ரப்பர் வார் பொருத்திக் காலில் மாட்டிக்கொள்கிறார்கள். சிறுவன் பிராங்க்ளின் செய்த பலகைக்கு அது உடன்பிறப்பைப் போலவே இருக்கிறது. அது நம் பரீட்சை அட்டையைப்போல் விறைத்தது, வளையாது. அது அவர்களுக்கும் தெரியும். கார்பன் துடுப்பின் விலைக்கு அவர்கள் பிடிக்கும் மீன் கட்டுப்படியாகாது. நல்ல துடுப்பால் மிச்சமாகும் மூச்சு வேறெவரையும்விட அவர்களுக்கே அதிகம் தேவை. மலிவான பொருளில், வளைந்து நிமிரும் பட்டை ஒன்றை அவர்களுக்கென வடிவமைப்பதும் நல்லதொரு கண்டுபிடிப்பே. எங்கள் வகுப்பில் இருவர் இப்போதே பழைய பிளாஸ்டிக் வாளிகளைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.