முகத்தின் வண்ணம், மலையின் ஈரம்

மஞ்சூர், குந்தா

அன்பு மகனுக்கு,

இம்ப்ரஷனிச உருவப்படம் கித்தானின் அடிப்பூச்சிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு முந்தைய ஐரோப்பிய ஓவியக்கூடங்களில் பழுப்பு அடிப்பூச்சின் மேல் முகத்தை வழவழப்பாக முடிப்பது வழக்கம். மோனே, ரெனுவார் போன்றோர் பெரும்பாலும் வெளிர் அடிப்பூச்சையே எடுத்தார்கள். மெல்லிய வண்ணத்தின் ஊடே அது தெரிவதால் தோலில் ஒளி நிற்கிறது. 1841இல் ஜான் காஃப் ராண்ட் உருவாக்கிய தகரக் குழாய், வண்ணத்தை வெளியே கொண்டுபோக வழிசெய்தது.

ஒரு வண்ணம் காயுமுன் அடுத்ததைப் பக்கத்தில் வைப்பதே இம்முறையின் உயிர். தூரிகைத் தடங்களைத் தேய்த்து மறைப்பதில்லை. நிழல் கட்டுவது நீலத்தாலும் ஊதாவாலும். வெள்ளை முண்டு உடுத்திய படகர் மூதாட்டியை வரைபவருக்கு இது உடனே புரியும்: துணி மடிப்பில் வானத்தின் நீலம், மோவாய்க்கு அடியில் துணியிலிருந்து எழும் வெளிச்சம். கறுப்பே ஆகாது என்று சிலர் சொல்வது மிகை. ரெனுவாரின் 'லா லோஜ்' (1874) படத்தில் உடையின் கறுப்புப் பட்டைகள்தான் முதலில் கண்ணில் படும்.

நேர்வெயில் படாத வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வரையவேண்டும் என்ற விதி குந்தாவுக்கு முழுதும் செல்லாது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் வடபுறம் சாயும். அந்நாட்களில் மூடுபனியே நல்ல ஜன்னல்.

வண்ணத் தேர்வில்தான் அதிகக் கவனம் வேண்டும். ரெனுவார் 1883இல் வரைந்த மதாம் லியோன் கிளாப்பிசோன் படம் சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. சட்டத்தைக் கழற்றியபோது, அது மறைத்திருந்த ஓரத்தில் மட்டும் அடர்சிவப்பு எஞ்சியிருந்தது. மற்ற இடங்களில் பின்னணிச் சிவப்பு வெளிறிப்போயிருந்தது. கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் சாயம் வெளிச்சத்தைத் தாங்கவில்லை. இன்று கடையில் கிடைக்கும் அலிசரின் கிரிம்சனும் மெல்லிய பூச்சில் வெளிறக்கூடியதே. குயினக்ரிடோன் சிவப்பை நம்பலாம்.

வண்ணத்தைப் பிணைக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை ஏற்றே இறுகுகிறது. குளிரில் அது தாமதமாகும். அவசரத்தில் மேலே எண்ணெய் குறைந்த பூச்சை வைத்தால் பின்னர் வெடிப்பு விழும். பசை தடவிய கித்தான் ஈரத்தில் நெகிழ்ந்து சுருங்குவதால், மழைநாட்டில் அக்ரிலிக் ஜெஸ்ஸோ அடிப்பூச்சே மேல். படத்தைச் சுவரோடு ஒட்டிச் சாத்தினால் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். இருட்டறையில் காயவைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். நேர்வெயில் படாத வெளிச்சமே போதும்.

அன்புடன்,
பெரியப்பா