காற்றடிக்கிற ஊரில் கண்ணைக் காத்து வேலை செய்ய

கண் உலர்ச்சி என்றதும் கணினி முன்னால் உட்காருகிறவர்களுக்குத்தான் எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். தோவாளை மலர்ச் சந்தையில் விடியுமுன்பே விளக்கொளியில் குனிந்து பிச்சியும் அரளியும் தொடுக்கிறவர்களை யாரும் நினைப்பதில்லை. ஆனால் கண்ணை உலர்த்தும் இரண்டு பெரிய காரணங்களும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. ஒன்று, காற்று. தென்மேற்குப் பருவக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, கண்ணீரையும் வேகமாக ஆவியாக்கிவிடுகிறது. இன்னொன்று, உற்றுப் பார்க்கிற வேலை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கிறோம். கவனம் ஒன்றில் பதிந்தால் அது பாதிக்கும் கீழே போய்விடும். 2025இல் புவிசார் குறியீடு பெற்ற மாணிக்கமாலை எவ்வளவு நுணுக்கமான கைவேலை என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். கண் எடுக்காமல் செய்கிற வேலை அது.

உறுத்தல், எரிச்சல், இமைத்தால் தெளிந்து மறுபடி மங்கும் பார்வை ஆகியவை இதன் அடையாளங்கள். கண்ணில் நீர் வடிந்தாலும் உலர்ச்சியாக இருக்கலாம். கண்ணீரின் மேல் படலம் எண்ணெய். இமை விளிம்பில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகள் அதைத் தருகின்றன. அந்த எண்ணெய் குறைந்தால் கண்ணீர் நிற்காமல் ஆவியாகும். காய்ந்த கண் எரிய, எரிச்சலில் நீர் கொட்டும். கொட்டிய நீர் கண்ணில் தங்குவதில்லை, வறட்சியும் தீர்வதில்லை. ‘எனக்குத்தான் தண்ணியா வடியுதே’ என்று விட்டுவிடுகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மருந்துக்கடைக்குப் போகுமுன் உட்காரும் இடத்தை மாற்றுங்கள். காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி, சுவரோரமாக உட்காருங்கள். மின்விசிறி முகத்தில் அடிக்கக்கூடாது. காலுக்கோ முதுகுக்கோ திருப்பி வையுங்கள். பூவை மடியில் அல்லது தாழ்ந்த பலகையில் வைத்துத் தொடுப்பது நல்லது. கீழே பார்க்கும்போது இமை இறங்கி, கண்ணில் காற்றுப்படும் பரப்பு குறையும். அலுவலகத்தில் கணினித் திரையைக் கண்மட்டத்துக்குக் கீழே வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். நாகர்கோவில் சாலையில் பைக் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள். காற்றாலையில் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் ஓரத்து இடைவெளி வழியாகக் காற்று நுழைந்துவிடும்.

அடுத்தது இமைப்பது. அவசரத்தில் பாதிதான் இமைக்கிறோம்; மேலிமை கீழிமையைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு முழம் முடியும்போதும் கண்ணை முழுக்க மூடி, இரண்டு நொடி வைத்துத் திறங்கள். இப்படி நாலைந்து முறை. பிறகு தலை நிமிர்ந்து தூரத்து மலையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கணினிக்காரர்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 நொடி பார்த்தால் போதும்.

அரளிப்பால் நச்சு. அரளி தொட்ட கையால் கண்ணைக் கசக்கவே கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே முகத்தைத் தொடுங்கள். நந்தியாவட்டைச் சாறு கண்ணுக்கு நல்லது என்று பிழிந்துவிடும் வழக்கமும் உண்டு. மூடிய இமைமேல் பூவை வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிருமி நீக்காத எதையும், தேனோ விளக்கெண்ணெயோ, கண்ணுக்குள் விடாதீர்கள்.

இரவில் வீட்டில் செய்ய வேண்டியது ஒத்தடம். சுத்தமான பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, மூடிய கண்மேல் ஐந்திலிருந்து பத்து நிமிடம். துணி சீக்கிரம் ஆறிவிடும், மறுபடி நனைக்க வேண்டும். பிறகு இமை விளிம்பை மெல்ல நீவினால் சுரப்பியில் உறைந்த எண்ணெய் இளகி வரும். ஒருநாள் செய்துவிட்டுப் பலன் இல்லை என்று விடாதீர்கள். சில வாரம் தொடர்ந்தால்தான் தெரியும்.

சொட்டு மருந்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. ‘கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது குடுங்க’ என்று கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு கையில் வந்துவிட்டால், எரிச்சல் உடனே அடங்கும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரலாம். செயற்கைக் கண்ணீர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், பதனப் பொருள் சேர்க்காத வகையை வாங்குங்கள். திறந்த புட்டியைப் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக்கூடாது. அட்டையில் போட்டிருப்பதைப் படியுங்கள். மீன் எண்ணெய் மாத்திரைக்கு இதற்காகச் செலவு செய்ய வேண்டாம். 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் அதுவும் ஆலிவ் எண்ணெயும் ஒரே அளவுதான் பலன் தந்தன.

மாதவிடாய் நின்ற பெண்கள், சர்க்கரை நோய், முடக்குவாதம், தைராய்டு கோளாறு உள்ளவர்கள், சளிக்கும் அலர்ஜிக்கும் அடிக்கடி மாத்திரை போடுகிறவர்களுக்கு உலர்ச்சி அதிகம் வரும். இவர்கள் ஒத்தடத்தோடு நிற்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. சிறு காகிதத் துண்டைக் கீழிமையில் ஐந்து நிமிடம் வைத்து, எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்க்கும் எளிய சோதனை உண்டு. கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வைக் குறைவு, சீழ் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள்.

பூக்கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓணத்துக்கு முன்பு இரவெல்லாம் வேலை நடக்கும். அதற்குள் தொடுக்கிறவர்கள் உட்காரும் பக்கம் காற்றுக்கு ஒரு தட்டி கட்டிக் கொடுங்கள், கை கழுவச் சோப்பும் தண்ணீரும் பக்கத்திலேயே வையுங்கள்.