பெயர்களில் வாழும் மருத்துவம்

நுழையும்முன்

வேலியோரத்தில் களையென்று நாம் கடந்துபோகும் செடிகள் பலவற்றுக்கு நம் முன்னோர் பெயரிட்டுள்ளனர். அப்பெயர்களுள் சில செடியின் அடையாளத்தையும், சில அதன் பயனையும் சொல்கின்றன. ஏட்டில் எழுதப்படாத நாட்டு மருத்துவம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு கைமாறி வந்தது, இன்று அதனை நாம் எவ்வாறு அணுக வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கவனிப்பில் பிறந்த அறிவு

நாட்டு மருத்துவத்துக்குத் தனியொருவரை ஆசிரியராகக் காட்ட இயலாது. ஆடு மேய்த்தவரும் வயலில் களையெடுத்தவரும் காட்டில் தேனெடுத்தவரும் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சியும் அதன் ஆசிரியர்களே. அவர்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை. கூர்ந்து நோக்கும் கண் இருந்தது. எந்தத் தழையை ஆடு கடிக்கிறது, எதனை ஒதுக்குகிறது. எந்தக் கீரையை உண்டால் வயிறு இளகுகிறது. எதனை அரைத்துப் பூசினால் வீக்கம் வடிகிறது என்பவற்றை அவர்கள் கண்டனர். ஒருமுறை கண்டதை மறுமுறையும் கண்டு, பலருக்கும் ஒத்துவந்ததை நிலைநிறுத்தினர். ஒவ்வாதவற்றுள் பலவற்றைக் கைவிட்டனர். சில, பழக்கத்தின் வலிமையால் ஒட்டிக்கொண்டும் வந்தன.

நிலம் வேறுபட மருந்தும் வேறுபட்டது. ஈரம் மிக்க வயல் வரப்புகளில் வாழ்ந்தோர்க்கு வல்லாரையும் கரிசலாங்கண்ணியும் கைகொடுத்தன. வறண்ட நிலத்து மக்களுக்கு ஆவாரையும் பிரண்டையும் துத்தியும் துணைநின்றன. மலைவாழ் மக்கள் காட்டு வேர்களையும் தேனையும் நாடினர். கையெட்டும் தொலைவில் வளர்ந்ததே முதல் மருந்தாயிற்று. வட்டார மருத்துவம் எனத் தனித்தனி மரபுகள் தோன்றியதற்கு இதுவே அடிப்படை.

பெயரே முதல் நூல்

எழுதிவைக்காத அறிவை மறவாமல் காப்பது எப்படி? பெயருக்குள் பொதிந்துவைப்பது அதற்கு ஒரு வழி.

கீழாநெல்லியின் இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால், கீழ்ப்புறத்தில் சிறு நெல்லிக்காய் போன்ற காய்கள் வரிசையாக அமைந்திருப்பதைக் காணலாம். செடியை அடையாளம் காணும் வழியை அதன் பெயரே கற்பித்துவிடுகிறது. முடக்கறுத்தான் என்னும் கொடி, மூட்டுகளின் முடக்கத்தை அறுப்பது என்னும் பொருளில் பெயர்பெற்றது. இன்று பேச்சுவழக்கில் முடக்கத்தான் என வழங்குகிறது. ஆடாதோடை என்பதற்கு, ஆடு தொடாத இலையை உடையது எனப் பொருள் கூறுவர். கசப்பு மிகுந்த அவ்விலையைக் கால்நடைகள் பெரிதும் விரும்புவதில்லை. இருமலுக்கும் சளிக்கும் மக்கள் பயன்படுத்திய அதே இலையிலுள்ள வாசிசின் என்னும் வேதிப்பொருளை அடிப்படையாகக்கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து பின்னாளில் உருவாக்கப்பட்டது. மேய்ச்சல் நிலத்துக் கவனிப்புக்கும் மருந்துக்கடைப் புட்டிக்கும் இடையே இப்படியோர் உறவு உண்டு.

வசம்பின் கதை வேறு வகையானது. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்றாதலால் அது பிள்ளை வளர்ப்பான் எனப்பட்டது. இரவில் அதன் பெயரைச் சொல்லலாகாது என்னும் நம்பிக்கையால் பேர்சொல்லா மருந்து என்றும் வழங்கியது. ஒரே பொருளின் பெயர்களில் பயனும் நம்பிக்கையும் அருகருகே நிற்கின்றன. நாட்டு மருத்துவத்தின் இயல்பும் இதுவே. அனுபவம் எது, நம்பிக்கை எது எனப் பிரித்தறிவது பின்வந்தோரின் பொறுப்பு.

சொல்லிலிருந்து ஏட்டுக்கும் கல்லுக்கும்

வாய்மொழியாக வழங்கிய நாட்டு மருத்துவமும், ஏடுகளில் வகுத்துரைக்கப்பட்ட சித்த மருத்துவமும் ஒன்றல்ல. எனினும் ஒன்றுக்கொன்று கொடுத்தும் பெற்றும் வளர்ந்தவை. போரில் புண்பட்ட வீரனின் மனையில் வேப்பிலை செருகியதையும் ஐயவி புகைத்ததையும் புறநானூறு காட்டுகிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகிய மூன்றும் மருந்துகளின் பெயரையே தம் பெயராகக் கொண்டுள்ளன. சுக்கு, மிளகு, திப்பிலி என்றால் கேட்போர்க்கு உடனே விளங்கும் அளவுக்கு மருந்தறிவு பொதுவாக இருந்தமையால்தான், உள்ளத்தின் நோய்க்கு அறம் கூறவந்த புலவர் அதனை உவமையாகக் கொள்ள முடிந்தது.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று அங்கு இயங்கியதை அக்கல்வெட்டு தெரிவிக்கிறது. மருத்துவர், அறுவை மருத்துவர், நோயாளரைப் பேணும் பெண்கள் ஆகியோருடன் மூலிகை கொண்டுவருவோரும் அங்குப் பணியாற்றினர். காட்டில் செடியறிந்து பறித்தவரின் உழைப்பும் மருத்துவத்தின் பகுதியெனக் கல்லில் இடம்பெற்றது கருதத்தக்கது.

அறிவின் உரிமை

புண்ணுக்கு மஞ்சள் பூசுவது நம் இல்லங்களில் யாரும் அறிந்த செய்தி. அதற்கே 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் அதனை எதிர்த்தது. இது புதிய கண்டுபிடிப்பன்று என்பதற்குப் பழைய நூல்களும் அச்சிட்ட கட்டுரைகளும் சான்றாக வைக்கப்பட்டன. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. இதன் பின்னர், ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளைத் தொகுக்கும் மரபறிவு மின்னூலகமும் உருவாயிற்று.

மஞ்சளைக் காத்தது எழுத்துச் சான்று. எழுதப்படாத அறிவின் நிலை என்ன? 1987ஆம் ஆண்டு அகத்தியமலைப் பகுதியில் ஆய்வுக்குச் சென்ற கேரள அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக உடன்வந்த காணியின மக்கள் சிறு பழங்களை மென்றபடி களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியை ஆராய்ந்து ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கினர். அம்மருந்தின் உரிமத்தால் கிடைக்கும் வருவாயில் பாதியைக் காணி மக்களுக்கு அளிப்பதென முடிவாயிற்று. அறிவைத் தந்தவர்க்கு அதன் பயனில் பங்குண்டு என்பதற்கு உலக அளவில் சுட்டப்படும் தொடக்கச் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அளவும் ஆய்வும்

பழைமையானது என்பதனாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், மருந்துக்காகப் பயிரிடப்படும் செடி. அதிலுள்ள கோல்ச்சிசின், மூட்டுகளைத் தாக்கும் கீல்வாத நோய்க்கு மருந்தாகிறது. அதே செடியின் கிழங்கை உண்டால் உயிருக்கே கேடு நேரும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே நிற்பது அளவு. அவ்வளவை அறிந்தவரே மருத்துவர்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் இனிப்பு தோன்றாது. அதனால் அது சர்க்கரைக்கொல்லி எனப்பட்டது. நாவின் சுவையறியும் மொட்டுகளில் அவ்விலை செயற்படுவதே காரணம். ஆயின், நாவில் இனிப்பை மறைப்பது வேறு. குருதியில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது வேறு. பெயரை மட்டும் நம்பி, உட்கொண்டுவரும் மருந்தை ஒருவர் நிறுத்திவிட்டால் இழப்பு பெரிதாகும். அவ்வாறே காமாலைக்குக் காரணங்கள் பல. எக்காரணம் என அறியாமல் கீழாநெல்லியை மட்டும் அரைத்துக் குடித்துக் காத்திருத்தல் தகாது. பாம்புக்கடிக்குப் பச்சிலை தேடி அலைவதற்குள் நஞ்சு உடலெங்கும் பரவிவிடும். உடனே மருத்துவமனைக்குச் சென்று நஞ்சுமுறிவு மருந்து பெறுவதே உயிர்காக்கும் வழி. பிறந்த குழந்தைக்கு முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது இன்றைய மருத்துவத்தின் தெளிவு. உரைமருந்தைப் போற்றிய அன்புக்கு அது மாறானதன்று. அவ்வன்பு புதிதாய்க் கற்றுக்கொண்ட பாடம்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, நோயாளியின் இயல்பும் காலமும் கருதி மருத்துவம் செய்க என்பதே திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்த நெறி. இந்நெறிப்படி நாட்டு மருத்துவத்தை ஆராய்தல் மரபை மறுப்பதாகாது, மரபைத் தொடர்வதேயாகும்.

நம் கடமை

ஊரில் செடியறிந்த முதியவர் ஒருவர் மறையும்போது, எழுதப்படாத நூலொன்றும் அவருடன் மறைகிறது. வேலிகள் கம்பியாகவும் வரப்புகள் சாலையாகவும் மாறும்போது அந்நூலின் பக்கங்களும் குறைகின்றன. செடி அழிந்தபின் பெயர் வெறும் ஒலியே. பெயர் மறந்தபின் செடி வெறும் களையே. ஆகவே கேட்டறிந்து குறித்துவைப்பதும், செடி வாழ இடம் விடுவதும், ஆய்ந்து தெளிந்தபின் பயன்கொள்வதும் நம் கடமைகள். நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் மருந்து மட்டுமன்று. கூர்ந்து நோக்கும் பழக்கமும் அச்செல்வத்தைச் சேர்ந்ததே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வளரும் மூலிகைகள் ஐந்தின் வட்டாரப் பெயர்களையும் பெயர்க்காரணங்களையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.

2. உங்கள் இல்லத்தில் பின்பற்றப்படும் மருத்துவப் பழக்கம் ஒன்றில் அனுபவம் எது, நம்பிக்கை எது என வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘மரபறிவின் பயனில் அதனைக் காத்தவர்க்கும் பங்குண்டு’ என்னும் தலைப்பில் ஒருபக்கக் கட்டுரை எழுதுக.